ஆறுநாட்டார் மலையும் ஒரு ராஜினாமா கடிதமும்

என் மெயில் பெட்டியின் டிராஃப்ட் பகுதியில் ஒரு ராஜினாமா கடிதம் இரண்டு வருடமாகக் கிடக்கிறது. நாலே வரிதான். பெறுநர் முகவரியை மட்டும் இன்னும் போடவில்லை. கை தவறி அனுப்பிவிடக் கூடாதே என்கிற பயம். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் பாக்கி இருக்கிறவனுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான்.

கடிதம் எழுதிய கதையைச் சொல்லிவிடுகிறேன். பி.இ. முடித்து, சாஃப்ட்வேரில் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு கட்டத்தில் என்னை மேனேஜர் ஆக்கினார்கள். பதினான்கு பேர் கொண்ட டீம். பதினோரு மாதம் தாக்குப்பிடித்தேன். அந்த வருட அப்ரைசல் மீட்டிங்கில், டீமிலேயே நன்றாக வேலை செய்த ஒரு பையனுக்காக நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. எக்செல் ஷீட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, எண்களே பேசும் என்று உட்கார்ந்திருந்தேன். பேசத் தெரிந்த மற்ற மேனேஜர்கள் தங்கள் ஆட்களுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பையன் இரண்டு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். போகும்போது கோபமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. நானே போய், "என்னைப் பழையபடி இன்ஜினியராகவே போட்டுவிடுங்கள்" என்று கேட்டு இறங்கிக்கொண்டேன்.

அந்த சமயத்தில்தான் வார இறுதிக் கல்வெட்டு வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். தமிழி, வட்டெழுத்து என்று எழுத்துகள் பிடிபட ஆரம்பித்ததும் தலைகால் புரியவில்லை. "ஆஹா, நமக்கான வேலை இதுதான், இவ்வளவு நாள் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தோம்" என்று தோன்றியது. அன்று இரவு எழுதியதுதான் அந்த நாலு வரி.

எனக்கு முன்மாதிரியாக இருந்தவர் ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து, வேலையை விட்டுவிட்டு, ஆராய்ச்சிக்கு வந்தவர் என்று ஒற்றை வரியில்தான் அவரை நமக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும். பிறகு உட்கார்ந்து வருடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். கதை அப்படி இல்லை.

வருடக் கணக்கு

மகாதேவன் பிறந்தது 1930. கல்லூரியில் படித்தது வேதியியல், அதன் பிறகு சட்டம். வரலாற்றுத் துறையில் பட்டம் வாங்கியவர் அல்ல. 1954இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தார். குகைகளில் இருக்கும் பழைய பிராமி கல்வெட்டுகள் பக்கம் அவரைத் திருப்பியவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. இதை மகாதேவனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல் கட்டக் கள ஆய்வு 1962 முதல் 1966 வரை. அப்போது அவர் தமிழக அரசில் கைத்தறித் துறைப் பொறுப்பில் இருந்தார். 1965இல் புகளூர் கல்வெட்டுகளைப் படித்தார். 1966இல் தமிழ் பிராமி கல்வெட்டுகளின் தொகுப்பை வெளியிட்டார். அதன்பின் சிந்து எழுத்துப் பக்கம் திரும்பினார். 1970இல் ஜவஹர்லால் நேரு நல்கை கிடைத்தது. 1977இல் இந்தியத் தொல்லியல் துறை அவருடைய சிந்து எழுத்துத் தொடரடைவை வெளியிட்டது.

வேலையை எப்போது விட்டார்? 1980இல்.

அதாவது, அவர் பெயரை நிலைநிறுத்திய இரண்டு பெரிய காரியங்களும், புகளூரும் சிந்துத் தொடரடைவும், அவர் அரசு அதிகாரியாக இருந்தபோதே நடந்து முடிந்துவிட்டன. விருப்ப ஓய்வு அதற்குப் பின்னால் வந்தது. விட்ட பிறகாவது முழுநேரமும் கல்வெட்டா என்றால் அதுவும் இல்லை. 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியர். மறுபடி குகைகளுக்குப் போனது 1991 முதல் 1996 வரை, அறுபது வயதுக்கு மேல். 'எர்லி தமிழ் எபிகிராஃபி' புத்தகம் 2003இல், எழுபதைத் தாண்டிய பிறகு வந்தது.

"வேலையை விட்டார், சாதித்தார்" என்ற என் மனக்கணக்கு இங்கேயே உடைந்துவிட்டது. அப்படியானால் எதைக் கொண்டு சாதித்தார்?

புகளூரில்

எங்கள் ஊர் கரூர் பக்கம். புகளூர் என்றால் பெரும்பாலானவர்களுக்குக் காகித ஆலை ஞாபகம் வரும். அதற்குப் பக்கத்தில் வேலாயுதம்பாளையத்தில் இருக்கிற குன்றுதான் ஆறுநாட்டார் மலை. மேலே முருகன் கோயில். சின்ன வயதில் அம்மாவோடு எத்தனையோ முறை படியேறியிருக்கிறேன். சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளும் ஈராயிரம் வருடத்துக் கல்வெட்டுகளும் அதே பாறையில் இருக்கின்றன என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் குரங்குதான்.

அந்தக் கல்வெட்டு சொல்லும் செய்தி இது: கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது, யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற முனிவருக்காக வெட்டிக்கொடுத்த உறைவிடம். மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் ஒரே இடத்தில். பதிற்றுப்பத்தில் வரும் இரும்பொறை மரபோடு இவர்களைப் பொருத்தினார் மகாதேவன். சங்க இலக்கியத்தில் மட்டுமே கேட்ட அரசர்கள் கல்லிலும் இருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயமா?

ஆனால் இதைப் படிப்பதற்கு முன்னால் ஒரு சிக்கல் தீர வேண்டியிருந்தது. மாங்குளம் கல்வெட்டை ராபர்ட் சீவெல் 1882இலேயே பார்த்துவிட்டார். இவை தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் 1924இல் எடுத்துச் சொன்னார். ழ, ள, ற, ன போன்ற எழுத்துகள் இருக்கின்றன, வடமொழியின் வர்க்க எழுத்துகளைக் காணோம் என்பது அவருடைய வாதம். ஆனாலும் வார்த்தைகள் சரியாக விழவில்லை. அசோகன் பிராமியின் விதிப்படி வாசித்தால் "மகன்" என்ற சொல் "மாகான" என்று வருகிறது.

காரணம், பழைய தமிழ் பிராமியில் கணக்கே வேறு. வெறும் எழுத்தை எழுதினால் அது மெய்யாகவும் இருக்கலாம். அகரம் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு கோடு போட வேண்டும். அசோகன் பிராமியில் அதே கோடு ஆகார நெடில். விதியை மாற்றிப் படித்தால் "மாகான" மகனாகிவிடுகிறது. என் வயதுக்காரர்களுக்கு இது உடனே புரியும். பழைய டிஸ்கி எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடில் திறந்தால் என்ன வரும்? கோப்பில் தப்பில்லை, திறக்கிற முறையில்தான் தப்பு.

இந்த வித்தியாசத்தை ஒரு கல்வெட்டை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. எல்லாக் கல்வெட்டுகளையும் ஒன்றாகப் பரப்பி, எந்தக் குறி எங்கெல்லாம் வருகிறது, எந்த இடத்தில் எப்படி வாசித்தால் தமிழ் வருகிறது என்று பார்க்க வேண்டும். எந்தக் கல்வெட்டு முந்தியது, எது பிந்தியது என்றும் பிரிக்க வேண்டும். மகாதேவன் செய்தது அதைத்தான். ஒரு வரியைப் பார்த்து மின்னல்போல் அர்த்தம் தோன்றுவது ஒரு திறமை. நூறு வரியை அட்டவணை போட்டுச் சலிக்காமல் ஒப்பிடுவது இன்னொரு திறமை. அவரிடம் இரண்டாவது மிகையாகவே இருந்தது.

417 குறிகள்

சிந்து எழுத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

சிந்து எழுத்தைப் படித்துவிட்டேன் என்று சொன்னவர்களின் பட்டியல் நீளமானது. மகாதேவனுக்கும் படிக்கிற ஆசை கடைசிவரை இருந்தது. அது ஒரு ஆதித் திராவிட மொழியாக இருக்கலாம் என்ற கருதுகோளில் நிறையக் கட்டுரைகள் எழுதினார். அவர் தந்த வாசிப்புகளை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றுவரை யாருடைய வாசிப்பையும் எல்லோரும் ஏற்கவில்லை.

ஆனால் 1977இல் அவர் செய்த காரியம் வாசிப்பு அல்ல, அடுக்குதல். 2,906 பொருள்களில் இருந்த 3,573 வரிகளை எடுத்துக்கொண்டார். 417 குறிகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். ஒவ்வொரு வரியும் எண்களின் தொடராக மாறியது. கணினியின் துணையோடு, ஒவ்வொரு குறியும் எங்கெங்கே வருகிறது, முன்னால் என்ன, பின்னால் என்ன, வரியின் தொடக்கத்தில் எத்தனை முறை, முடிவில் எத்தனை முறை, எந்த ஊரில், எந்த வகைப் பொருளில் என்று எல்லாவற்றையும் அட்டவணையாக்கினார். ஜாடி மாதிரி இருக்கும் 342ஆம் எண் குறிதான் அதிகம் வருவது. மொத்தத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. அட்டையில் துளை போட்டுக் கணினிக்கு ஊட்டிய காலம் அது.

2009இல் 'சயின்ஸ்' இதழில், சிந்து எழுத்தின் ஒழுங்கு மொழியின் ஒழுங்கை ஒத்திருக்கிறது என்று ராஜேஷ் ராவ் குழுவினர் எழுதியபோது, தரவு இந்தத் தொடரடைவிலிருந்துதான் வந்தது. கட்டுரை ஆசிரியர்களில் மகாதேவனும் ஒருவர். சுவாரசியம் என்னவென்றால், அது மொழியை எழுதிய எழுத்தே அல்ல என்று 2004இல் வாதிட்ட எதிர்த்தரப்பும் இவருடைய எண்களைத்தான் எடுத்துப் பேசியது. சண்டை போடுகிற இரண்டு பேரும் ஒரே தராசை நம்புகிறார்கள் என்றால், தராசு செய்தவர் எப்பேர்ப்பட்டவர்!

எனக்கு உறைத்தது இதுதான். அவருடைய ஆசை வாசிப்பதில். அவருடைய பலம் அடுக்குவதில். ஆசை அவரைக் காலமெல்லாம் ஓட வைத்தது, அது இல்லையென்றால் குகை குகையாக ஏறியிருக்க மாட்டார். ஆனால் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி நின்றது பலத்தில் விளைந்ததுதான். அந்தப் பலமும் அரசு வேலைக்குப் புறம்பானது அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. கோப்பு பார்க்கிறவனுக்கு என்ன பழக்கம்? எண் போடுவது, முன் உத்தரவைத் தேடி வைப்பது, ஆதாரம் இல்லாமல் குறிப்பு எழுதாமல் இருப்பது. இது என் ஊகம்தான். ஆனால் அந்தத் தொடரடைவைப் புரட்டும்போது ஒரு நல்ல அதிகாரியின் கை தெரிகிறது.

பணத்தாள் செதுக்கியவர்

இதற்கு நேர் மாறான ஒரு கதையும் உண்டு. லண்டனில் 1840இல் பிறந்த ஜார்ஜ் ஸ்மித். ஏழைக் குடும்பம். பதினாலு வயதில் ஒரு அச்சகத்தில், பணத்தாளுக்கான தகடு செதுக்கும் வேலை கற்றுக்கொள்ளச் சேர்த்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஓடிப்போய் மெசபடோமியக் களிமண் பலகைகளைப் பார்ப்பார். நுணுக்கமான கோடுகளில் பழகிய கண். உடைந்த துண்டுகளில் எது எதோடு சேரும் என்று கண்டுபிடிப்பதில் படித்த அறிஞர்களையே மிஞ்சினார். மியூசியமே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1872 டிசம்பர் 3ஆம் தேதி, பிரதமர் கிளாட்ஸ்டன் உட்கார்ந்திருந்த சபையில், பைபிளில் வருவது போன்ற ஒரு பிரளயக் கதை அந்தப் பலகையில் இருப்பதை வாசித்துக் காட்டினார். இன்று கில்கமேஷ் காவியம் என்று நாம் சொல்வதன் பதினோராவது பலகை அது.

இதுவரை சினிமா கதை. புகழ் வந்ததும் என்ன ஆயிற்று? ஒரு பத்திரிகை பணம் கொடுத்தது; விடுபட்ட துண்டைத் தேடி நினிவேக்கு அனுப்பினார்கள். முதல் பயணத்திலேயே பிரளயக் கதையின் இன்னொரு துண்டு கிடைத்தது. மறுபடி போனார். மூன்றாவது முறையும் அனுப்பினார்கள். மேஜையில் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்க்கப் பிறந்தவரைப் பாலைவனத்தில் ஆள் வைத்துத் தோண்டச் சொன்னால்? வயிற்றுக்கடுப்பு வந்து, 1876 ஆகஸ்டில் அலெப்போவில் இறந்துபோனார். வயது 36. வீட்டில் மனைவியும் குழந்தைகளும்.

பிடித்த துறைக்குத்தான் வந்து சேர்ந்தார். அந்தத் துறைக்குள்ளேயே அவருக்குப் பொருந்தாத இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நல்ல இன்ஜினியரை மேனேஜர் ஆக்குகிற கதைதான். படிக்கும்போது எனக்கு அந்த அப்ரைசல் மீட்டிங் ஞாபகம் வந்தது. என்ன, நான் பிழைத்துக்கொண்டேன்.

சரி, நான்?

கல்வெட்டு வகுப்பில் நான் சுமார் ரகம். இதை ஒத்துக்கொள்ள ஒரு வருடம் ஆயிற்று. தேய்ந்த கல்லில் எது வெட்டு, எது வெடிப்பு என்று பிரித்துப் பார்க்கிற கண் எனக்கு இல்லை. என்னோடு படித்த ஒரு பள்ளி ஆசிரியை பாறை மேல் விரலை ஓட்டியே சொல்லிவிடுவார். நான் டார்ச் அடித்து, போட்டோ எடுத்து, கணினியில் கான்ட்ராஸ்ட் ஏற்றி, கடைசியில் தப்பாகச் சொல்வேன்.

ஒருநாள் படியெடுத்த தாள்களோடு போராடிக்கொண்டிருந்தபோது, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் வகுப்புக்காகச் செய்துவைத்திருந்த எக்செல் ஷீட்டைப் பார்த்தார். அச்சான கல்வெட்டுத் தொகுதிகளிலிருந்து ஊர்ப்பெயர்களை எடுத்து, ஒரே ஊர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று சேர்த்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ராத்திரி தூக்கம் வராவிட்டால் செய்கிற வேலை. அதில் ஒரே கல்வெட்டு வெவ்வேறு வருடங்களில் இரண்டு எண்களில் பதிவாகியிருந்த இடங்களையும் குறித்திருந்தேன்.

அவர் கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கல்லைப் படிக்கிறதுக்கு ஆள் வந்துக்கிட்டுதான் இருக்காங்க. படிச்சதை ஒழுங்கா அடுக்கி வைக்கத்தான் ஆள் இல்லை. நீங்க ஏன் கஷ்டப்பட்டு அந்த வேலையைச் செய்றீங்க?"

பாராட்டா, திட்டா என்று அப்போது புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முகம் சுண்டிப்போய்த்தான் வந்தேன். என் கனவு கல்லைப் படிப்பதாயிற்றே. மனைவியிடம் சொன்னதும் சிரித்தாள். "ஏங்க, ஆபீஸ்லயும் இதைத்தானே பண்றீங்க? பழைய டேட்டாவுல எது எதோட ஒத்துப்போகலைன்னு கண்டுபிடிக்கிறதுதானே உங்க வேலை? அதைப் பத்திப் பேசுறப்போ மட்டும்தான் சாப்பாடு ஆறுறதுகூடத் தெரியாது உங்களுக்கு."

உண்மைதான். வங்கி டேட்டாவை ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது விடுபட்டவற்றைப் பிடிப்பதுதான் என் வேலை. அது எனக்குச் சலித்ததே இல்லை. சலித்தது அதைச் சுற்றியிருந்த மீட்டிங்குகள். நான் வெறுத்தது மேனேஜர் நாற்காலியை. அந்த வெறுப்பை மொத்த வேலை மேலும் போட்டு, கடிதம் எழுதியிருக்கிறேன்.

"உனக்குப் பிடித்ததைச் செய்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இப்போது வேறு கேள்வி உதவியாக இருக்கிறது: யாரும் கேட்காதபோதும், கூலி இல்லாதபோதும், எந்த வேலையை நீங்கள் பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கிறீர்கள்? துறையின் பெயரை விடுங்கள், கை செய்கிற காரியத்தைப் பாருங்கள். மகாதேவன் கைத்தறியிலிருந்து குகைக்கும், குகையிலிருந்து சிந்துவெளிக்கும், அங்கிருந்து பத்திரிகைக்கும் போனார். துறை மாறிக்கொண்டே இருந்தது. அடுக்குகிற கை மாறவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவர் கடிதம் எழுதினால் பதில் வரும், கதவுகள் திறக்கும். நம்மில் பலருக்கு அந்த வசதி கிடையாது. வேலை முடிந்து வீடு வந்து சேரவே மணி ஒன்பது ஆகிறவர்களிடம் போய் "வார இறுதியில் சிந்து எழுத்தை ஆராய்ச்சி செய்யுங்கள்" என்று சொன்னால் அடிக்க வருவார்கள். கேட்கிற கேள்வி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம். பதிலை நடத்திக் காட்ட ஆகும் செலவு ஆளுக்கு ஆள் வேறு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு புகளூர் மலைக்குப் போனேன். முழங்கால் வலியால் அம்மா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் குகைக்குப் போய், விடுபட்ட இரண்டு அளவுகளைக் குறித்துக்கொண்டு இறங்கினேன். "ஏங் கண்ணு, வேலைய விடப்போறேன்னு சொல்லிட்டிருந்தியே, விட்டுட்டியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"அப்பறம் இதென்னத்துக்கு?" என்று கையிலிருந்த நோட்டைக் காட்டினார்.

"இதுவும் அதே வேலைதான்மா" என்றேன். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கே இப்போதுதான் புரிந்திருக்கிறது.

ஊர்ப்பெயர்ப் பட்டியலில் கொங்குப் பகுதி மட்டும் ஒருவாறு முடிந்திருக்கிறது. அடுத்தது சோழ நாடு. அது கடல். டிராஃப்டில் இருக்கும் கடிதத்தை நான் அழிக்கவில்லை. மகாதேவன் விருப்ப ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது கிட்டத்தட்ட ஐம்பது. எனக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது.